அமீனுதீன் வீட்டெதிரே கிடந்த கடல்நாய்

1967ஆம் வருஷத்து ஐப்பசி வெள்ளம் வடிந்தபோது, விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றின் நடுத்திட்டில் கடல்நாய்கள் கூட்டமாகப் படுத்திருந்தன. கடலிலிருந்து வெள்ளாறு வழியாக எதிர்நீச்சல் போட்டு வந்திருக்க வேண்டும். மீசை வைத்த மூஞ்சியும் துடுப்பு மாதிரிக் கைகளுமாக, நனைந்த சாக்குமூட்டைகளைப் போல வெயிலில் கிடந்தன. அந்த வருஷம் அரிசி விலையும் ஏறியிருந்ததால் ஊர் இரண்டையும் சேர்த்தே பேசியது. பிறகு பழகிவிட்டது. துணி துவைப்பவர்கள் கல்லைக் கீழ்க்கரைக்கு மாற்றிக்கொண்டார்கள். பாலத்தில் வரும் ரயில்கள் ஊதுவதை நிறுத்திவிட்டன. பீங்கான் சூளையில் வேலை முடிந்து கை கழுவ வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

ஆற்றில் பரிசல் ஓட்டிய அமீனுதீனுக்கு அவற்றின் குணம் தெரியும். தலையைத் தூக்கினால் நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். துடுப்பை நிறுத்தி, ஓட்டத்தோடு பரிசலை விலக விட்டுவிட வேண்டும். குட்டி போடும் மாதங்களில் அந்தப் பக்கமே போகக் கூடாது. இதைச் சொல்லித்தான் யாரையும் பரிசலில் ஏற்றுவார்.

1971 தை மாதம், அவர் மகள் ஜெரினாவைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க சேத்தியாத்தோப்பிலிருந்து ஜவுளிக்கடை முகம்மது கனி குடும்பத்தோடு வந்தார். சாப்பாடு முடிந்ததும் கடல்நாய் பார்க்க ஆசைப்பட்டார். திட்டில் குட்டிகள் பிறந்திருந்த நேரம். ஆனால் ஜெரினாவுக்கு ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. வேண்டாம் என்று சொல்ல அமீனுதீனுக்கு வாய் வரவில்லை. கனியைப் பரிசலில் ஏற்றிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட விடுங்க சம்மந்தி. இவ்ளோ தூரம் வந்துட்டு மீசைகூட தெரியலன்னா எப்புடி?"

சம்மந்தி என்ற சொல் போதுமாயிருந்தது. திட்டில் தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. அமீனுதீன் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் துடுப்பைப் போட்டார். கனி கைதட்டினார். கூட்டம் மொத்தமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தண்ணீருக்குள் பாய்ந்தது. மணலில் ஒரு குட்டி மட்டும் மிச்சமிருந்தது, சூளைக்குப் போகாத பீங்கான் நிறத்தில், நசுங்கி.

"அய்யோ பாவம்" என்றார் கனி. கரைக்குத் திரும்பும்போதே நிக்காஹ் தேதி பேசினார். அமீனுதீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாள் தாய்க் கடல்நாய் கடைத்தெரு வழியாக வயிற்றால் தவழ்ந்து வந்து, அவர் வீட்டெதிரே இருந்த பொட்டலில் படுத்துக்கொண்டது. கத்தவில்லை, உறுமவில்லை. திட்டிலிருந்து அவர் எவ்வளவு தள்ளி நின்றிருக்க வேண்டுமோ அவ்வளவு தள்ளிக் கிடந்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட நெருங்கவில்லை. அவர் மனைவி ஆரிஃபா வாய்க்கால் வெட்டிக் கிணற்றுத் தண்ணீரை அதன் பக்கம் விட்டாள்.

"ஏன்தான் நம்ம வூட்டயே பாத்துக்கிட்டு கெடக்குதோ" என்பாள். அவர் கொல்லைப்பக்கமாக வெளியே போவார். நிக்காஹ்வுக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வந்து சாப்பிட்டுப் போனார்கள். அமீனுதீன் பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பீங்கான் பட்டறையில் களிமண் சுமந்தார். எமர்ஜென்சி வந்தது, போனது. கடல்நாயின் மீசையும் அவர் தாடியும் வெளுத்தன.

1977இல், கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த முதல் குழந்தையோடு ஜெரினா வந்து இறங்கினாள்.

"அதுக்கிட்ட புள்ளைய காட்டிட்டு வரேன் அத்தா" என்று பொட்டலில் நடந்தாள். கடல்நாய் தலையைத் தூக்கியது.

"நில்லும்மா!" அமீனுதீன் முன்வாசல் வழியாகவே ஓடிவந்தார். "கிட்ட போவாத. அதோட புள்ளைய கொன்னது நான்தான். தலைய தூக்கிச்சி, பாத்துக்கிட்டேதான் போனேன். ஒங் கல்யாணம் நின்னுடுமோன்னு..."

ஜெரினா குழந்தையைப் பார்த்தாள். கடல்நாயைப் பார்த்தாள். தகப்பன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மெதுவாகப் பின்வாங்கி வந்து படியில் உட்கார்ந்து, குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆரிஃபா வாயைப் பொத்தியபடி நின்றாள். அமீனுதீன் பொட்டல் ஓரத்தில் தலை கவிழ்ந்து உட்கார்ந்தார்.

கடல்நாய் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துத் தூங்கியது. அது மன்னித்ததா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த நாளும் அங்கேயே கிடந்தது. பின்னாளில் அந்தத் தெருவில் வீடு கட்ட வந்தவர்கள், பொட்டலை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள்.