பென்சிலுக்கு நேர்காணல்

எங்கள் ஊர்க் கருவூலத்தில் ஓய்வூதியக்காரர்களுக்கு நேர்காணல் முடிந்த மறுவாரம் வெளியூர்ச் சொற்களுக்கு நேர்காணல் நடக்கும். வேறு மொழியிலிருந்து வந்து இங்கே புழங்கும் ஒவ்வொரு சொல்லும் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, தான் இன்னார், இன்ன ஊரில் பிறந்தேன் என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். காட்டாத சொல்லின் பெயரைக் கடைசி நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு அடித்துவிடுவோம். பொருள் எங்கும் போகாது. அது எதற்கு என்பதுதான் ஊரில் யாருக்கும் தெரியாமல் போகும்.

அந்தப் பதிவேடு என் பொறுப்பு. சொற்களைப் போலப் பொறுப்பில்லாத ஜனங்களை நான் பார்த்ததில்லை. ஜெராக்ஸ் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருப்போம். கடைசி நாள் மத்தியானம் வெறுங்கையோடு வந்து நின்று விழிப்பார்கள்.

பென்சிலும் கடைசி நாள்தான் வந்தது, மணி நாலுக்கு. ஒல்லியான சொல். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. என் மனைவி முப்பிடாதிக்குப் புருவம் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் உதிர்ந்தது, திரும்ப முளைக்கவில்லை. தினமும் பென்சிலால்தான் வரைந்துகொள்கிறாள்.

மறுநாள் அவள் அண்ணன் சுடலைமணியின் மகளுக்குக் கல்யாணம். அண்ணனோடு எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. அம்மா இறந்ததை அவன் தாமதமாகச் சொல்லியனுப்பினான். இவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மண்டபத்தில் அவன் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதற்குக் கோபப் புருவம் வேண்டும் என்று ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் வரைந்து பழகிக்கொண்டிருந்தாள்.

“புருவம் இல்லாம கேட்டா, அழுறேன்னு நெனைச்சிருவான்,” என்றாள்.

பதிவேட்டைப் பிரித்தேன். பிறந்த ஊர், ரோம். பிறந்தபோது பெயரின் பொருள், சின்ன வால். அங்க அடையாளம், வால்.

“வாலைக் காட்டுங்க.”

“இல்லையே ஐயா,” என்றது பென்சில்.

போன வருடம் வரை யாரும் அதையெல்லாம் பார்த்ததில்லை. இந்த வருடம் வந்த புது அதிகாரி அமலோற்பவம் மேடம், அங்க அடையாளத்தைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். பென்சிலை அவர் அறைக்கு அழைத்துப் போனேன்.

“வால் எப்ப போச்சு?” என்று கேட்டார்.

பென்சில் நிதானமாகச் சொன்னது. ஓவியர்களின் மெல்லிய தூரிகைக்குத்தான் முதலில் அந்தப் பெயர் வைத்தார்களாம். நுனி மயிர் வால் போல இருந்ததே காரணம். பிரெஞ்சுக்காரர்களிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குப் போனது. அங்கேயும் வெகுகாலம் தூரிகைதான். பிறகு ஒரு மலையில், தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டும் கல்லைத் தோண்டி எடுத்து, மரத்துக்குள் செருகி எழுதினார்கள். அதற்கு வேறு பெயர் தேடச் சோம்பல்பட்டு இதையே கூப்பிட்டார்கள். அந்த வேலை மாற்றத்தில் வால் போய்விட்டது.

“அப்போ போலீஸ்ல, தேடியும் கெடைக்கலைன்னு சான்று வாங்கணும். எந்த ஸ்டேஷன் லிமிட்? ரோமா, இங்கிலாந்தா?”

பென்சிலுக்குத் தெரியவில்லை.

“இல்லைன்னா ரத்த சொந்தம் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடட்டும்,” என்றார் மேடம்.

வராந்தாவில் நின்ற பேனாவைக் கூப்பிட்டேன். இத்தனை வருடம் ஒரே டப்பாவில் கிடந்தவர்கள். அண்ணன் தம்பி என்றே ஊர் நினைத்திருந்தது.

“எங்களுக்குப் பூர்வீகம் இறகு. இவங்க வால் வீட்டு ஆளுங்க. பழக்கம் உண்டு, சொந்தம் கிடையாது,” என்று பேனா கறாராகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனது.

பதிவேட்டைப் புரட்டியதில் உண்மையான சொந்தம் பெனிசிலின் என்று தெரிந்தது. அதைத் தந்த பூஞ்சைக்கு நுனி தூரிகை போல இருந்ததால் அதுவும் வால் வீட்டுப் பெயர்தான். ஆஸ்பத்திரியில் வேலை. போன் செய்ததும் ஆட்டோ பிடித்து ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தது. ஆனால் டெஸ்ட் டோஸ் போடாமல் பெனிசிலினை யாரும் சந்திக்க முடியாது. மேடம் முன்கையை நீட்டினார். ஊசி போட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு ஊசி போட்ட இடம் சிவந்து தடித்தது.

“எனக்கு ஒத்துக்கலை,” என்றார். சாட்சியைத் திருப்பி அனுப்பினோம்.

ஐந்தே முக்காலுக்கு என் கையாலேயே பெயரை அடித்தேன். அடுத்த நிமிடம் முப்பிடாதி போன் செய்தாள்.

“ஏங்க, கையில ஒரு குச்சி இருக்கு. எதுக்குன்னு தெரியல. மூஞ்சில ஒத்தப் புருவந்தான் இருக்கு. இன்னொண்ணு எங்க?”

எனக்கும் தெரியவில்லை. எதிரே ஒல்லியாக ஒன்று நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டேன். அடுத்த வருட நேர்காணலில் பெயர் திரும்ப ஏறியதால்தான் இதையெல்லாம் இப்போது சொல்ல முடிகிறது.

அன்று இரவு கண்மையை வைத்துப் பார்த்தாள். அது வியர்வையில் கன்னத்துக்கு இறங்கியது. துடைத்துவிட்டு, காலையில் ஒற்றைப் புருவத்தோடே கல்யாணத்துக்குக் கிளம்பினாள். வலது பக்கம் பயங்கரக் கோபம். இடது பக்கத்தில் ஒன்றும் இல்லை.

மண்டப வாசலில் சுடலைமணி வந்து அவளுக்கு வலது பக்கம் நின்றான்.

“ஏன் அன்னைக்கே சொல்லல?” என்று அந்தப் பக்கத்தால் கேட்டாள்.

“சொல்லத் தைரியம் இல்லட்டி,” என்றான். பிறகு சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, “சாப்ட்டியா?” என்று கேட்டான்.

இடது பக்கம் அழுதது.

பந்தியில் அவளுக்கு இரண்டு இலை போட்டார்கள். இடது பக்கம் பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டது. வலது பக்கம் எதையும் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போய், இரண்டு மணி பஸ்ஸில் எங்கள் மூன்று பேருக்கும் இடம் பிடித்து வைத்தது.