மருமகள் என்ன சொன்னாள்

பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைதோறும் இணையத்தில் நடக்கும் புத்தகக் கூட்டத்தில் சேர்ந்து வெகுகாலம் ஆகியும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை, முகம் காட்டியதும் இல்லை. மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பாள். கூட்டத்தை நடத்தும் பேராசிரியர் வாராவாரம், "மியூட் மேடம் வந்துட்டாங்களா? சரி, அப்ப ஆரம்பிக்கலாம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் இந்தப் பக்கம் சிரித்துக்கொள்வாள்.

வீட்டில் அவளும் அத்தையும் மட்டும்தான். அத்தை என்றால் மாமியார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், எழுத்து தெரியாது. காது மட்டும் படு கூர்மை. மாடிப்படியில் ஏறி வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது யார், என்ன மனநிலையில் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

அத்தையின் மகன், அவளுடைய புருஷன், வேறு ஊருக்கு வேலைக்கென்று போனான். முதலில் தினமும் போன் வந்தது, அப்புறம் வாரத்துக்கொரு முறை, அப்புறம் அத்தி பூத்தாற்போல். அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்று யாரோ மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சே எழவில்லை. "இன்னும் எதுக்குடி அங்க கெடக்குற?" என்று அவளுடைய அக்கா போன் செய்யும்போதெல்லாம் கேட்பாள். வேலை முடிந்து அத்தை இல்லாத வீட்டுக்குத் திரும்புவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பார்க்கலாம்க்கா" என்று வைத்துவிடுவாள்.

பேக்கரிக்குப் போகும் பஸ்ஸிலும் திரும்பும் பஸ்ஸிலும் படிப்பாள். படித்ததைச் சாயங்காலம் சமையலறையில் அத்தைக்குச் சொல்வாள். வாசித்துக் காட்டினால் அத்தைக்குப் பிடிக்காது. "நியூஸ் படிக்கிற மாதிரி படிக்காத. நடந்ததைச் சொல்லு" என்பாள். அங்கே மட்டும் அவளுக்கு வாய் தானாக வந்தது. கிழவன் பேசினால் கிழவன் குரல், போலீஸ்காரன் பேசினால் அவன் குரல். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி குறுக்குக் கேள்வி கேட்பாள். கதையில் யாராவது முட்டாள்தனமாக எதையாவது செய்துவிட்டால் திட்டு இவளுக்குத்தான் விழும்.

அந்த மாதம் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்ட நாவலில் ஒருவன் கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பியவன் திரும்பி வரவே இல்லை. அவன் அம்மா கதவைத் தாழிடாமல் காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் ஒரு சாயங்காலம் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போடுகிறாள். அவ்வளவுதான் முடிவு. பஸ்ஸில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அந்த நாவலை எழுதிய பெண்மணியே வந்திருந்தார். நல்ல கூட்டம். எழுத்தாளர் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் முகம் திரையிலிருந்து மறைந்தது. "அங்க கரண்ட் போயிடுச்சாம். வந்துடுவாங்க, காத்திருப்போம்" என்றார் பேராசிரியர். இவள் இயர்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதால் போனின் சத்தத்தைக் குறைத்து மசாலா டப்பாக்களின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். பாத்திரம் கழுவும் தண்ணீர் தெறிக்கிறதே என்று ஈரக் கையோடு அதைத் தள்ளி வைத்தபோது கட்டைவிரல் எதன் மேல் பட்டது என்று பார்க்கவில்லை.

"என்ன, உங்க ஆளுங்க சத்தத்தையே காணோம்?" என்றாள் அத்தை.

"கரண்ட் இல்லையாம் அத்தை. அவங்க வரணும்."

"அப்ப நீ சொல்லு. அந்த அம்மா கதவைத் திறந்து போட்டுட்டு உக்காந்திருந்தா. அப்புறம்?"

அவள் குழாயை மூடினாள். பிறகு சொன்னாள். "மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா... அவன்தான்."

"வந்துட்டானா?"

"வந்துட்டான். தலையெல்லாம் நரைச்சுப் போயி. செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள வரலாமா வேண்டாமான்னு நின்னான். 'சாப்பிட்டியாம்மா?'ன்னு கேட்டான்."

அத்தை பூண்டைக் கீழே வைத்தாள். "இத்தனை காலம் கழிச்சு வந்தவன் இதையா கேப்பான்? வேற என்னமோ சொல்லியிருப்பான். நல்லாப் பார்த்துச் சொல்லு."

"இதான் அத்தை சொன்னான்."

"சரி, இவ என்ன பண்ணா?"

"அழுதா. உள்ள கூட்டிட்டுப் போனா. துண்டு எடுத்துக் குடுத்தா."

"அவன் பொண்டாட்டி?"

"அவ... அவளும் அங்கதான் நின்னா."

"நின்னான்னா? என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன், அவளுக்கு வாய் இல்லையா?" அத்தையின் குரல் உயர்ந்தது. "புள்ள காணாமப் போனான் புள்ள காணாமப் போனான்னு அந்தக் கெழவிதான் கதை முழுக்க ஒப்பாரி வெக்கிறா. அந்தப் பொண்ணுக்குப் புருஷன் காணாமப் போனானே, அதை யாராவது கேட்டாங்களா? நான் அந்த அம்மாவா இருந்தா, மருமக என்ன சொல்றாளோ அதைக் கேட்டுட்டுதான் அவனை வாசப்படியே ஏற விடுவேன். மருமக என்ன சொன்னா? அதைச் சொல்லு மொதல்ல."

அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பியவள் போனைப் பார்த்தாள். அவள் பெயரைச் சுற்றிப் பச்சைக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்ன முகங்கள், ஒன்றுகூட அசையவில்லை. நடுவில் எழுத்தாளர் உதட்டின் மேல் விரலை வைத்தபடி இருந்தார்.

போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"என்னாச்சு?" என்றாள் அத்தை.

"சார்ஜ் போயிடுச்சு அத்தை."

மறுநாள் பேக்கரியில் அடுப்பு பார்க்கும் மாஸ்டர்தான் தன் போனை நீட்டினார். "ஏம்மா, இந்தக் குரல் உன்னுது மாதிரியே இல்ல?" கூட்டத்தின் பதிவிலிருந்து யாரோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். அவள் கிரீம் கூம்பை வைத்துவிட்டுப் படித்தாள். கீழே பின்னூட்டங்கள் வரிசை கட்டி நின்றன.

'இந்த மாமியாருக்கு ஒரு கோயில் கட்டணும்.'

'எங்க வீட்லயும் இப்படி ஒரு சமையல்கட்டு வேணும்.'

'ஒரு நிமிஷம். நாவல்ல அவன் வரவே மாட்டானே? இவங்க எந்தப் புத்தகத்தைப் படிச்சாங்க?'

'முடிவையே மாத்திட்டாங்க. புத்தகம் படிக்காதவங்கன்னா என்ன வேணா சொல்லலாமா? பச்சைத் துரோகம்.'

'துரோகமா? உனக்கு யாராவது தினம் கதை சொல்லியிருக்காங்களாப்பா?'

அதற்குக் கீழே இருவருக்கும் நீண்ட சண்டை. அவளுக்குக் காது மடல் எரிந்தது. கூட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாகப் பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினாள்: 'சார், அதைத் தயவுசெய்து எடுத்துடுங்க. எங்க அத்தைக்குத் தெரியாது.' அவர் உடனே மன்னிப்புக் கேட்டார், மத்தியானத்துக்குள் எடுக்கவும் வைத்தார். ஆனால் அதற்குள் கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்து, "உங்க குரல் ஊரெல்லாம் ஓடுதும்மா" என்று அத்தைக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். போட்டதோடு விட்டாளா, பின்னூட்டங்களை ஒன்றுவிடாமல் வாசித்தும் காட்டியிருந்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை சமையலறையில் இல்லை. முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை.

"அவன் வரலையாமே" என்றாள்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "இல்ல அத்தை. வரல."

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல. நான் என்ன, அழுதுருவேன்னு நெனச்சியா? அவ்வளவு பூஞ்சையா நான்?"

"இல்ல."

"பின்ன என்ன? பாவம், கெழவி, புள்ள வருவான்னு நெனச்சுட்டுக் கெடக்கட்டும்னு விட்டியா?"

"உங்களுக்காக மாத்தல அத்தை." சொல்லத் தொடங்கிய பிறகுதான் அது உண்மை என்பது அவளுக்கே புரிந்தது. "அந்த அம்மா தாழ்ப்பாள் போடுற எடத்தை என்னால வாயால சொல்ல முடியல. பஸ்ல படிக்கிறப்பவே முடியல. அதான்... வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். தெருவில் ஒரு வண்டி கிளம்ப மாட்டேன் என்று இருமிக்கொண்டே இருந்தது. அது கிளம்பிப் போன பிறகு, "இங்க வா. புத்தகத்தை எடுத்துட்டு வா" என்றாள்.

"படிச்சா உங்களுக்குப் பிடிக்காதே."

"இன்னிக்குப் படி. எழுதுனது எழுதுன மாதிரியே படி."

அவள் விளக்கைப் போட்டு, அத்தையின் காலடியில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். யார் குரலும் போடவில்லை. தாழ்ப்பாள் வந்த இடத்தில் நின்றுபோனாள். அத்தையின் கை தேடித் தடவி அவள் தலைக்கு வந்து அங்கேயே தங்கியது. "ம்" என்றாள் அத்தை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தையும் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றாள் அத்தை, நேரம் கழித்து. "போனைக் கொண்டா. கமெண்ட் எழுதுறாங்களே, நானும் ஒண்ணு எழுதணும்."

"அதை எடுத்துட்டாங்களே அத்தை."

"எழுத்தாளர் பேட்டி எதுவும் இருக்காதா? அதுக்குக் கீழ போடு."

தேடிப் பிடித்த ஒரு பழைய பேட்டியின் கீழே, அத்தை சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

'நான்தான் அந்த மாமியார். உங்க கதையை இன்னிக்குத்தான் முழுசாக் கேட்டேன். தாழ்ப்பாள் போட்டது சரி. இன்னும் கொஞ்சம் முன்னாடியே போட்டிருக்கலாம். முடிவை மாத்திட்டான்னு என் மருமகளை யாரும் திட்ட வேண்டாம். கதை சொல்றவளுக்கும் மனசு இருக்கு. வலிக்கிற எடத்துல கால் வெக்காமத் தாண்டிப் போனா, அவ்வளவுதான். என் கண்ணு போனதுலேருந்து நான் பார்க்கிற எல்லாமே அவ சொல்லித்தான்.'

கடைசி வரியை அவள் அழித்து அழித்து எழுதினாள். "எழுதிட்டியா? ஒரு எழுத்துகூட விடக் கூடாது" என்று அத்தை அதட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்திருந்தது, எழுத்தாளரிடமிருந்து. அவள் படித்துக் காட்டினாள்.

'அம்மா, எனக்குக் கோபம் துளியும் இல்லை. அன்றைக்குக் கரண்ட் வந்து நான் மறுபடி உள்ளே வந்தபோது உங்கள் குரல்தான் கேட்டது. யாரும் குறுக்கே பேசிவிடக் கூடாதே என்று எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னது நான்தான். கேட்காமல் ஒட்டுக்கேட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு குறை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் இணைப்பு போய்விட்டது. மருமகள் என்ன சொன்னாள்?'

அத்தை முகத்தை அவள் பக்கம் திருப்பினாள். "கேக்குறாங்க பாரு. நானும்தான் கேட்டேன். என்ன சொன்னா?"

"கதையில அவ வரவே இல்ல அத்தை. அப்பா வீட்டுக்குப் போயிட்டான்னு ஒரு வரிதான்."

"உன் கதையில வந்தாளே. வாசல்ல நின்னாளே."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. போய் அணைத்துவிட்டு வந்து நின்றுகொண்டே சொன்னாள்.

"'உங்கம்மாவைப் பார்த்துட்டுப் போ. எனக்கு உன்கிட்ட கேக்க ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னா."

"அப்படியா சொன்னா?"

"இப்பதான் சொன்னா."

அத்தை தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். எழுத்தாளருக்கு என்ன பதில் எழுதுவது என்று அவள் கேட்டதற்கு, "இது நம்ம வீட்டுக் கதை. அவங்களுக்கு வேணும்னா அவங்களே ஒண்ணு எழுதிக்கட்டும்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு, கொஞ்சம் சிரித்து, "சும்மா சொன்னேன். நன்றின்னு போடு" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அத்தை தானாக எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். அதில் பாதிக்கு மேல் மகனுடைய சட்டைகள் மாட்டியபடியே தொங்கின. இவளுடைய துணிமணிகள் இன்னும் கட்டிலுக்கு அடியில், கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டியில்தான் இருந்தன. எடுக்கட்டுமா என்று அவளும் கேட்டதில்லை, எடு என்று அத்தையும் சொன்னதில்லை.

"உங்க பேக்கரி மாஸ்டர் என்ன உயரம்?" என்று கேட்டாள் அத்தை.

"இவரைவிடக் கொஞ்சம் குட்டை."

"கையை மடிச்சு விட்டுக்கட்டும்."

அத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் மடித்துப் பையில் வைத்தாள். ஒரு சட்டை வந்தபோது அத்தையின் விரல்கள் காலர் தையலில் நின்றன. "இது கோடு போட்டதுதானே? மொத சம்பளத்துல வாங்குனது."

"ஆமா அத்தை."

"இதை நான் வெச்சுக்கறேன். பெத்தவ இல்லையா?"

"வெச்சுக்கங்க."

அத்தை அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் குனிந்து பெட்டியை வெளியே இழுத்தாள். பூட்டு துருவேறிப் போயிருந்தது. கொஞ்சம் எண்ணெய் விட்டு, இப்படியும் அப்படியும் அசைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது.