எழுத்து இல்லாத பத்து ஜிபி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலேருந்து வந்தது. பொய் சொன்னது நான். இந்த ரெண்டு வரியை எழுத மட்டும் மூணு வாரம் ஆச்சு. அது என்ன பொய்னு எழுத இன்னும் தைரியம் வரலை. போகப் போக வரும்னு நினைக்கறேன்.

நான் படிச்சு எழுத வந்தவன் இல்ல. பழைய கம்ப்யூட்டரை வாங்கி, சரி பண்ணி விக்கிற ஒரு கடையில பெஞ்ச் வேலை. சொந்த ஊரை விட்டு ரொம்ப தூரம். ரூமுக்குப் போனா பேச ஆள் கிடையாது, அதனால எழுதறேன். எழுதினதை அக்காவுக்கு போன்ல வாசிச்சுக் காட்டுவேன். அவ துணி மடிச்சுக்கிட்டே கேப்பா. மடிக்கிற சத்தம் நின்னா கதை பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இதுவரைக்கும் ரெண்டே தடவை நின்னிருக்கு. அதுல ஒண்ணு காலிங்பெல் அடிச்சதால.

இதுக்கு நான் எழுதின முதல் ஆரம்பம்:

"வானம் கறுத்திருந்த ஒரு மாலையில், மௌனமே உருவான ஒரு பெண்..."

விட்டுட்டேன். எங்க கடை பேஸ்மென்ட்ல இருக்கு, வானம் தெரியாது. அவங்க மௌனமும் கிடையாது, நல்லாவே பேசுவாங்க.

ரெண்டாவது ஆரம்பம்: "ஒரு கம்ப்யூட்டர் தன்னைத்தானே அழிக்கச் சொன்னது."

அக்கா, "பேய்க் கதையாடா?"ன்னு கேட்டா. பேய் இல்ல. ஆனா நடந்தது அதான்.

2

ஒரு தையல்காரம்மா கவுன்டருக்கு வந்தாங்க. கழுத்துல டேப் தொங்குது, அதுக்குக் கீழ ஆபரேஷன் பண்ண தழும்பு. பையிலேருந்து பழைய லேப்டாப்பை எடுத்து வச்சு, திறந்து, டகடகன்னு டைப் பண்ணாங்க. லேப்டாப் பேசிச்சு. பொம்பளைக் குரல்.

"இந்த டிஸ்க்கை மட்டும் கழட்டி, சுத்தமா அழிச்சு, வெளியிலேருந்து மாட்டிக்கிற மாதிரி கவர் போட்டுக் குடுங்க. தையல் டிசைன் சேத்து வைக்கணும்."

நாலு வருஷத்துக்கு முன்னாடி தொண்டையில ஆபரேஷன். அன்னையிலேருந்து இந்தப் பெட்டி வழியாத்தான் பேச்சு. இப்ப புதுசு வாங்கிட்டாங்க. அதுவும் பேசுமாம், கடையிலேயே டைப் பண்ணி கேட்டுட்டுத்தான் வாங்கினாங்களாம். தன்னோட ஃபைல் எல்லாத்தையும் தானே மாத்தியும் வச்சுட்டாங்க. ஒழுங்கான ஆளு.

அந்தக் குரலைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். வாக்கியத்துக்கு நடுவுல நிக்கக்கூடாத இடத்துல நிக்கும். கேள்வி கேக்கும்போது நம்ம குரல் மேல போகும் இல்லையா, அது கீழ இறங்கும். அதனால "எப்ப வரட்டும்"னு அவங்க கேட்டது, ஏதோ தீர்ப்பு சொல்ற மாதிரி இருந்துச்சு. நான் தலையாட்டிட்டேன். முதலாளிதான் "வெள்ளிக்கிழமைம்மா"ன்னு பதில் சொன்னாரு.

இங்க என் பழக்கம் ஒண்ணை சொல்லியாகணும். ஒவ்வொரு லேப்டாப் டிஸ்க்லயும் கம்பெனிக்காரன் ஒரு ஓரமா, பத்து ஜிபி அளவுக்கு ஒரு பகுதியை ஒளிச்சு வச்சிருப்பான்.* பெட்டியைப் பிரிச்ச முதல் நாள் அந்த மெஷின் எப்படி இருந்துச்சோ, அப்படியே திரும்பக் கொண்டுவர்றதுக்கான ஃபைல் எல்லாம் அதுல இருக்கும். எந்த டிஸ்க்கையும் அழிக்கறதுக்கு முன்னாடி நான் அதைக் காப்பி எடுத்துருவேன். மாடல் பேரை லேபிள்ல எழுதி டிராயர்ல போட்டுருவேன். முதலாளிக்கு அது பிடிக்காது. ஒரு டிஸ்க்குக்கு நாப்பது நிமிஷம் வீணாகுதுன்னு புலம்புவாரு. எப்பவாவது ஒரு நாள் எவனாவது கேப்பான்னு நான் சொல்லுவேன். எவனும் கேட்டதில்ல.

* சாதாரணமா டிஸ்க்ல ஒவ்வொரு பகுதிக்கும் C, D-ன்னு ஒரு எழுத்து இருக்கும். இதுக்கு எழுத்து கிடையாது. அதனால யார் கண்ணுக்கும் படாது. பட்டாலும் சும்மா கிடக்குற இடம்னுதான் நினைப்பாங்க.

3

(இந்தப் பகுதியை அக்காவுக்கு வாசிச்சபடியே வைக்கறேன்.)

அந்தம்மாவோட டிஸ்க்லயும் அப்படித்தான் பண்ணேன். முதல்ல கம்பெனிப் பகுதியை ஒரு காலி டிஸ்க்ல காப்பி எடுத்தேன், லேபிள் ஒட்டினேன், டிராயர்ல வச்சேன். அப்புறம் சுத்தமா அழிச்சு, கவர் போட்டு, வெள்ளிக்கிழமை குடுத்தேன்.

பத்து நாள் கழிச்சு திரும்பி வந்தாங்க. கையில புது லேப்டாப் இல்ல, ஒரு நோட்டு. கவுன்டர்ல வச்சு எழுதினாங்க: "பழைய குரல் வேணும்."

புதுசு பேசலையான்னு முதலாளி கேட்டாரு. பேசுதாம். ரொம்ப அழகா, நிஜ மனுஷி மாதிரி பேசுதாம். வீட்ல அஞ்சு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. ஆபரேஷன் நடந்தப்ப அவளுக்கு ஒரு வயசு. அம்மாவோட சொந்தக் குரல் அவளுக்கு ஞாபகமே இல்ல.

அழறாளான்னு நான் கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினாங்க. எழுதினாங்க: "என் பொண்ணு என்கிட்ட மரியாதையா பேசுறா."

முதலாளி படிச்சுட்டு, "நல்லதுதானேம்மா?"ன்னாரு.

அவங்க அவரைப் பாத்த பார்வையில அவரு மூக்குக் கண்ணாடியைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு. மிச்சத்தை எழுதிக் காட்டினாங்க. பழைய குரல் கூப்பிட்டா "போம்மா, நீ வா"ன்னு கத்துவாளாம். சாப்பிட வைக்கறதுக்குள்ள ஒரு போரே நடக்குமாம். இப்ப புதுக் குரல் கூப்பிட்டா கவுனை இழுத்து விட்டுக்கிட்டு வந்து நிக்கிறாளாம். "சரிங்க"ன்னு சொல்றாளாம். வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட பேசற மாதிரி. ஒரு தடவை, "அம்மா எப்ப வருவாங்க?"ன்னு லேப்டாப்கிட்டயே கேட்டாளாம். அந்தம்மா அது முன்னாடிதான் உக்காந்திருந்தாங்க.

முதலாளிக்கு அப்பத்தான் புரிஞ்சுது. என் தோள்ல தட்டி, "கவலைப்படாதீங்கம்மா, நம்ம ஆளு எதையும் தூக்கிப் போடமாட்டான். ஊர்க் குப்பையில பாதி இவன் டிராயர்லதான் கிடக்கு"ன்னாரு. கம்பெனி போட்டு அனுப்பின குரல், கம்பெனிப் பகுதியில இருக்காம எங்க போகும்? அவரே போய் டிராயரைத் திறந்தாரு. லேபிளைத் தேடி எடுத்தாரு. அவரே மாட்டினாரு.

டிஸ்க் கெட்டுப் போயிருந்தது.

4

இந்த இடத்துல மடிக்கிற சத்தம் நின்னுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா கேட்டா: "டிஸ்க் தானாவே கெட்டுச்சா?"

பழைய டிஸ்க், கெடறது சகஜம்னேன்.

"உன் கதையில எல்லாம் சாமான்தான்டா தப்பு பண்ணுது. பஸ்ஸு லேட்டாகும், போன் சார்ஜ் இறங்கிடும், இப்ப டிஸ்க்கு. நீ ஒண்ணுமே பண்ண மாட்டியா?"

சாப்பிட்டியான்னு பேச்சை மாத்தினேன். அவ போனை வச்சுட்டா. வாசிக்கிற நீங்களும் அந்த வரியில நின்னிருப்பீங்களோ என்னவோ. நிக்காம போயிருந்தீங்கன்னா நான் நல்லா எழுதிட்டேன்னு அர்த்தம். அது எனக்கே வெக்கமா இருக்கு.

5

டிஸ்க் கெடலை.

காப்பி எடுக்கற சாஃப்ட்வேர்ல ரெண்டு கட்டம் இருக்கும். "எங்கேருந்து", "எங்கே". அன்னைக்கு நான் மாட்டின காலி டிஸ்க்கும் அந்தம்மாவோட டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. லிஸ்ட்ல ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி நின்னுச்சு. வழக்கமா சீரியல் நம்பரை வாய்விட்டு வாசிச்சு சரிபாப்பேன். அன்னைக்கு வாய்ல ஸ்க்ரூ வச்சிருந்தேன்.

மாத்திப் போட்டுட்டேன். காலியா இருந்த பத்து ஜிபியைத் தூக்கி, குரல் இருந்த பத்து ஜிபி மேல ஏத்திட்டேன். நாப்பது நிமிஷம் பச்சைக் கோடு அழகா ஓடுச்சு. "வெற்றிகரமாக முடிந்தது"ன்னு வந்துச்சு. மெஷின் பொய் சொல்லலை. நான் சொன்னதை ஒழுங்கா செஞ்சு முடிச்சிருந்துச்சு.

திறந்து பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்த நிமிஷம் டிஸ்க்கோட மீதிப் பகுதியில அந்தக் குரல் உயிரோடதான் இருந்துச்சு. அதுலேருந்தாவது எடுத்து வச்சிருக்கலாம். ஆனா முதலாளிகிட்ட சொல்லணும், இன்னொரு நாப்பது நிமிஷம் வீணாகறதுக்கு அவர் பேசற பேச்சைக் கேக்கணும். எப்படியும் அழிக்கத்தானே குடுத்தாங்க, யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன். மீதியையும் அழிச்சேன். காலி டிஸ்க்ல மாடல் பேரை எழுதி லேபிள் ஒட்டினேன். டிராயர்ல வரிசை விட்டுப்போகக் கூடாதில்ல.

காலி டிஸ்க்ல லேபிள். அதுதான் அந்தப் பொய்.

6

முதலாளி மாட்டின டிஸ்க்ல ஒண்ணும் வராம, அந்தம்மா எதிர்ல நிக்கும்போது, "பழசு சார், கெட்டுப்போச்சு"ன்னு முதலாளிகிட்ட சொன்னேன். அவரு நம்பிட்டாரு. அந்தம்மாவும் நம்பினாங்க. நோட்டை மூடி பையில வைக்கப் போனாங்க.

நான் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும், எழுத வேண்டிய அவசியமே இல்ல. முதலாளி பக்கத்துல நின்னதால எழுதினேன். (நல்லவனா காட்டிக்க ஆசைதான், ஆனா அக்கா கேப்பா.) "கெடலை. நான்தான் மாத்திக் காப்பி பண்ணி அழிச்சேன். மன்னிச்சிருங்க."

ரெண்டு தடவை படிச்சாங்க. பேனாவை என் கையிலேருந்து பிடுங்கின மாதிரி வாங்கினாங்க. திட்டு வரும்னு நினைச்சேன்.

"இதே மாடல் எத்தனை வித்திருப்பான்?"

ஆயிரக்கணக்குல வித்திருப்பான்னு எழுதினேன்.

"எல்லாத்துலயும் இதே குரல் இருக்குமா?"

இருக்கும், யாரும் அழிக்காம இருந்தா.

"அப்ப தேடுங்க."

மன்னிப்பைப் பத்தி ஒண்ணுமே எழுதலை. நோட்டை எடுத்துக்கிட்டுப் படியேறிப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் என்னடா எழுதிக்கிட்டீங்கன்னு முதலாளி கேட்டாரு. அன்னைக்கு சாயங்காலமே அவர்கிட்டயும் சொல்லிட்டேன். அவரு திட்டினதை எழுதினா இந்தக் கதை எந்தப் பத்திரிகையிலயும் வராது.

7

முடிவு.

முதலாளி சொன்ன முடிவு: "நாலு மாசத்துல புள்ள பழகிடும்." பழகிடலாம். பிள்ளைங்க பழகிடுவாங்க. அந்த "நீங்க" ஒரு நாள் "நீ" ஆகிடலாம். அப்படி ஆனா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா தப்பு பண்ணது நான், பழகிக்கிறது அஞ்சு வயசுப் புள்ளையா? அதை முடிவுன்னு எழுத எனக்குக் கை வரலை.

நான் எழுதின முடிவு: அதே மாடல் கிடைக்குது. குரல் வருது. புள்ள "போம்மா"ன்னு கத்துறா... ரெண்டு பக்கம் எழுதினேன். நானே அழுதேன். அப்புறம் கிழிச்சேன். நடக்காததை நடந்ததா எழுதறது, காலி டிஸ்க்ல லேபிள் ஒட்டற வேலை.

நடந்தது இவ்வளவுதான். இதுவரைக்கும் அதே மாடல் ஏழு பிடிச்சோம். மூணு நான், நாலு அந்தம்மா. தைக்க வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நோட்டை நீட்டிக் கேக்கறாங்க. ஏழுலயும் அந்தப் பகுதி இல்ல. இடம் பத்தலைன்னு அழிச்சிருக்காங்க. ஒண்ணுல எங்க கடை சீல். எனக்கு இந்தப் பழக்கம் வர்றதுக்கு முன்னாடி, நானே அழிச்சு வித்தது.

அந்தக் குரலைச் செஞ்ச கம்பெனியை மூடியே பல வருஷம் ஆச்சு. நெட்லயும் கிடைக்கலை.

8

அதனால முடிவு உங்க வீட்ல இருக்கான்னு கொஞ்சம் பாருங்க.

மூடி கருஞ்சாம்பல் கலர். பவர் பட்டன் வட்டமா, வலது மூலையில. திறக்கும்போது இடது பக்கக் கீல் லேசா முனகும். அலமாரி மேல, கட்டிலுக்கு அடியில, பழைய துணிக்கு நடுவுல எங்கயாவது கிடக்கும். யாருக்காவது குடுக்கவோ, டிஸ்க்கைக் கழட்டி வேற எதுக்காவது போடவோ நினைச்சிருப்பீங்க. ஒரு நாள் பொறுங்க. டிஸ்க் லிஸ்ட்ல கடைசியா, எழுத்து இல்லாம, பத்து ஜிபி கிட்ட ஒண்ணு இருந்தா, அது காலி இல்ல. முதல்ல அதைக் காப்பி எடுங்க. எடுக்கும்போது "எங்கேருந்து", "எங்கே" ரெண்டையும் வாய்விட்டுப் படிங்க. வாய்ல எதையும் வச்சுக்காதீங்க.

குரல் வந்தா, கேள்வி ஒண்ணு டைப் பண்ணிப் பாருங்க. கடைசியில கீழ இறங்கினா அதேதான், எடுத்துக்கிட்டு எங்க கடைக்கு வாங்க.

அதுக்கப்புறம் என்ன எழுதணும்னு என்கிட்ட கேக்காதீங்க. இந்தக் கதையோட கடைசி வரி என்னோடது இல்ல. அதை அந்தம்மா டைப் பண்ணுவாங்க. அதுக்கு அந்தப் புள்ள என்ன பதில் கத்துறாங்கறதை, பக்கத்துல நின்னு நீங்களே கேட்டுக்குங்க.