டிக்கெட் இல்லாத அட்டை

அந்த மருந்துக்கடையின் அலமாரி நாற்பது ஆண்டுகளாக ஓர் ஆள் நிற்பது போல நின்றுகொண்டிருந்தது. மேல்தட்டு தலை. தலைவலி, தலைசுற்றல், பொடுகு எல்லாம் அங்கே. அடுத்த தட்டில் கண், காது, மூக்கு. அதற்குக் கீழே தொண்டை, பிறகு நெஞ்சு, வயிறு, இடுப்பு, முழங்கால். அடித்தட்டில் பாதவெடிப்புக் களிம்பு. வருகிறவர் “இங்க வலிக்குது” என்று தொட்டுக் காட்டினால் கடைக்காரர் அதே உயரத்துக்குக் கையை நீட்டுவார். மருந்து கைக்கு வந்துவிடும். உடம்பு முழுக்க வருகிற காய்ச்சலுக்கு மட்டும் எந்தத் தட்டிலும் இடம் கொடுக்க முடியாமல், அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைத்திருந்தார்.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும், அவர் கடையில் இருக்கும்வரை இந்த ஏற்பாடு அருமையாக ஓடியது. அவர் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒரு மாதம் படுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு கடையில் நின்ற மகன் முதல் நாள் மட்டும் அப்பாவுக்கு இருபத்தெட்டு முறை போன் செய்தான். வாந்தி மாத்திரை வயிற்றிலா தொண்டையிலா என்று கேட்டான். வாந்தி எங்கிருந்து கிளம்புகிறது என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார் அப்பா. மகன் யோசித்து முடிப்பதற்குள் வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

அப்படித்தான் மருமகள் கடைக்குள் வந்தாள். மருந்தியல் படித்தவள். ஒரு மருந்துக் கிடங்கில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவள். பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, மாமனார் படுத்திருந்த அந்த ஒரு மாதத்தில் நின்றுகொண்டிருந்த ஆளைக் கழற்றி அகரவரிசையில் அடுக்கிவிட்டாள்.

வெறும் அகரவரிசை என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குள் எத்தனையோ நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அறை. அறைக்குள் முதலில் காலாவதி ஆகப்போவது முன்னால், கடைசியில் ஆகப்போவது பின்னால். புதுச்சரக்கு வந்தால் பளபளப்பாக இருக்கிறதே என்று முன்னால் வைத்துவிட்டால், பழையது பின்னாலேயே உட்கார்ந்து கெட்டுப்போகும். பெயரும் பெட்டியும் ஒன்றுபோல இருக்கும் இரண்டு மருந்துகள் அடுத்தடுத்து வந்தால், நடுவில் ஒரு மஞ்சள் தடுப்பு அட்டை. அவசரத்தில் நீளும் கை அந்த மஞ்சளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணம் போதும். நாலு மாத்திரை மட்டும் கேட்பவருக்கு அட்டையைக் கத்தரிக்கும்போது, காலாவதித் தேதி அச்சிட்ட முனை கடையிலேயே தங்கும்படி வெட்ட வேண்டும். தேதியில்லாத துண்டு வயது தெரியாத ஆளைப் போல. அதை நம்பி யாருக்கும் கொடுக்க முடியாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம். ஒரே ஒரு மாத்திரையாக இருந்தாலும், வீட்டு ஆளே எடுத்தாலும், கணினியில் பில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் திரையில் இருக்கும் எண்ணும் தட்டில் இருக்கும் எண்ணும் கைகோத்து நடக்கும்.

மாமனார் திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தார். தலையிருந்த இடத்தில் மலச்சிக்கல் மருந்து இருந்தது. அடுத்த நாள் மருமகளுக்குப் “பட்டியல் மகாராணி” என்று பெயர் வைத்தார். அதற்கடுத்த நாள் அவள் ஒன்று சொன்னாள்: இன்னொருவர் மனப்பாடத்திலிருந்து மருந்து எடுத்துக் கொடுக்கத் தன்னால் முடியாது, பழைய அடுக்குத்தான் வேண்டுமென்றால் தான் கிடங்கு வேலைக்கே திரும்பிவிடலாம், அங்கே இன்னும் தன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. யார் பக்கம் என்று கேட்டபோது மகன் இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

தீர்ப்பு சொன்னது மாமியார். முப்பது ஆண்டு ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓடுகிற வண்டியில் ஒரு பெட்டி நிறைய ஆட்களைப் பத்தே நிமிடத்தில் எண்ணி, கழிப்பறைக்குள் ஒளிந்திருப்பவரையும் சேர்த்துக் கணக்குச் சொல்லக்கூடியவர். மூன்று மாதம் அவகாசம், பிறகு சோதனை என்றார். இருபது மருந்தைக் குலுக்கிப் போட்டு எடுப்பது. இருபதிலும் திரையும் தட்டும் பொருந்தினால் மருமகளின் அடுக்கு நிற்கும், மருமகளும் நிற்பாள். ஒன்று பிசகினாலும் பழையபடி ஆளைத் தலையிலிருந்து கால்வரை எழுப்பி நிறுத்திவிட வேண்டியதுதான்.

மூன்று மாதம் முடிந்து சோதனை நடந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கடைக்கு விடுமுறை. பாதி இறக்கிய கதவுக்குக் கீழே வெயில் ஒரு கோடாக உள்ளே வந்தது. மாமியார் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, காலி சத்துமாவு டப்பாவைக் குலுக்கினார். உள்ளே மருந்துக்கு ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு துண்டுச் சீட்டுகள். மாமனார் கல்லாப் பக்கம் நின்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இப்படித்தான் பையைத் தடவுகிறார், மேசைக்குக் கீழே குனிகிறார், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். பந்தயப் பதற்றம் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

முதல் சீட்டு இருமல் மருந்து. திரையில் ஒன்பது, தட்டில் ஒன்பது. இரண்டாவது கண் சொட்டு. ஆறுக்கு ஆறு. மூன்றாவதில் வெட்டிய அட்டை ஒன்று இருந்தது. மாமியார் அதைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு குமிழாகத் தொட்டு எண்ணினார். ஏழு. திரையில் கடைசி இலக்கம் ஏழு. மருமகளுக்கு உள்ளங்காலில் குறுகுறுத்தது. பத்தாவதில் அவள் நின்ற இடத்திலேயே லேசாகக் குதிக்க ஆரம்பித்திருந்தாள். பதினான்காவது பஞ்சு உருண்டை. மாமனார் அதையும் ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னார். பொட்டலம்தான் கணக்கு, உருண்டை அல்ல என்று மாமியார் ஒரு பார்வையிலேயே தள்ளுபடி செய்தார்.

பத்தொன்பது முடிந்தது. எல்லாம் சரி. மருமகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ளாவிட்டால் பறந்துவிடுவாள் போலிருந்தது.

இருபதாவது சீட்டு ரத்தக்கொதிப்பு மாத்திரை. மாமனார் இருமினார். திரையில் நூற்றிருபது, அதாவது பத்து மாத்திரை கொண்ட பன்னிரண்டு அட்டைகள். மாமியார் அட்டைகளை எடுத்துச் சீட்டுக்கட்டு போல விரித்தார். இன்னொரு முறை விரித்தார்.

“பதிமூணு.”

குறைந்தால்தானே தப்பு, கூடினால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றலாம். மருந்துக்கடையில் அப்படியில்லை. குறைந்தால் ஒன்று உடைந்திருக்கும், அல்லது பில் போட மறந்திருக்கும். கூடினால்தான் பயம். இந்த மாத்திரைக்குப் பில் போட்டுவிட்டு, அவசரத்தில் பக்கத்து அறையிலிருந்து வேறெதையோ எடுத்துக் கொடுத்திருக்கலாம். யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, ரத்தக்கொதிப்புக்கென்று நினைத்து வேறு ஏதோ ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

மருமகளின் குதிப்பு நின்றது. பந்தயம், அலமாரி, கிடங்கு வேலை எல்லாம் மறந்துபோயிற்று. இந்த மாத்திரையை எடுக்கிற கை தப்பி எங்கெல்லாம் போகக்கூடும் என்று பார்த்தாள். இடப்பக்கத்து அறையை எண்ணினாள். சரி. மஞ்சள் தடுப்பைத் தாண்டி வலப்பக்கம் எண்ணினாள். சரி. மேலே, கீழே, அதே நிறப் பெட்டிகள், அதே கம்பெனி அட்டைகள் எல்லாவற்றையும் எண்ணினாள். எங்கும் எதுவும் குறையவில்லை. மூச்சு மெல்லத் திரும்பியது. யார் கைக்கும் வேறு மருந்து போகவில்லை. அப்படியானால் இந்தப் பதிமூன்றாவது, கடைக்குள்ளிருந்தே வரவில்லை. வெளியிலிருந்து நடந்து வந்திருக்கிறது.

விற்ற மருந்தை இந்தக் கடை திரும்ப வாங்குவதில்லை. அதற்குப் பலகையே மாட்டியிருக்கிறது. பிறகு எப்படி வந்தது?

பதிமூன்று அட்டைகளையும் மேசையில் பரப்பிக் கவிழ்த்தாள். ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் ஒரு பேட்ச் நம்பர் இருக்கும். ஒரே நாளில் ஒரே கலவையில் பிறந்த மாத்திரைகளுக்கெல்லாம் ஒரே நம்பர். கடைக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு பேட்ச்சும் கணினியில் ஏறியிருக்கும். பன்னிரண்டு அட்டைகளின் நம்பர் திரையில் இருந்தது. பதிமூன்றாவதின் நம்பரைத் தட்டினாள். அப்படி ஒன்றைக் கடை வாங்கியதே இல்லை என்றது திரை.

மாமியார் ஸ்டூலிலிருந்து இறங்கினார். அந்த அட்டையை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முப்பது ஆண்டுப் பழக்கம் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

“டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கு,” என்றார்.

சொல்லிவிட்டு மெதுவாகக் கடையைச் சுற்றிப் பார்த்தார். ரயில் பெட்டிக்குள் நுழைந்ததும் அவர் எல்லாருடைய டிக்கெட்டையும் கேட்பதில்லையாம். சும்மா நின்று ஒரு சுற்றுப் பார்ப்பாராம். டிக்கெட் இல்லாதவர் சன்னலுக்கு வெளியே மரத்தை எண்ணுவாராம். இங்கே சன்னல் இல்லை. மாமனார் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தார். அது ஒன்றுதான் இருந்தது.

“ஏங்க, மூணு நாளா பையத் தடவிக்கிட்டிருக்கீங்களே, என்ன தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“அந்த ஒண்ணுமில்லாதது ரத்தக்கொதிப்புக்குப் போடறதா?”

மாமனார் கல்லாவின் பூட்டைத் துடைத்தார். பிறகு பர்ஸுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். எதிர்க்கடை பில். போன வியாழக்கிழமைத் தேதி. இரண்டு அட்டை. பதிமூன்றாவது அட்டையின் அதே பேட்ச் நம்பரோடு.

மருமகள் அதை வாசித்தாள். நாற்பது ஆண்டு மருந்துக்கடை வைத்திருக்கிறவர், தன் மாத்திரைக்குச் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார். அதுவும் ஒருமுறையல்ல, மூன்று மாதமாக என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தக் கடைக்காரர் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, முழங்காலை விசாரித்து, ஒரு வார்த்தை வெளியே சொல்லாமல் அந்த வேடிக்கையை அனுபவித்திருக்கிறார்.

“ஏன் மாமா?”

“பில் போடாம எடுத்தா உன் கணக்கு தப்பிரும். பில் போட எனக்குத் தெரியாது. உன்னக் கேக்கறதுக்கும் வாய் வரல.” எதிர்க்கடை பில்லை மறுபடி நாலாக மடித்தார். “கணக்கத் தப்பாக்கி ஜெயிக்கணுமா, என்ன?”

மிச்சக் கதையை மாமியார்தான் கேள்வி கேட்டுக் கேட்டு இறக்கினார். வாங்கிவந்த இரண்டு அட்டையில் ஒன்று வீட்டுக்குப் போய்விட்டது. இன்னொன்று சட்டைப்பையில் இருந்தது. கண்ணாடி தேடும்போது பையிலிருந்ததையெல்லாம் மேசைமேல் கொட்டினார். அரை மணி நேரம் கழித்து மேசைப் பக்கம் வந்தவர், அங்கே ஓர் அட்டை கிடப்பதைப் பார்த்தார். மேசையில் எது கிடந்தாலும் எடுத்து வைக்கிற கை அவருடையது. மருமகளின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை முன்பு ஒருநாள் கண் தட்டில் கொண்டுபோய் வைத்தவர். அட்டையை எடுத்தார், இவள் போட்டு வைத்துவிட்டு மறந்துபோனாள் என்று முணுமுணுத்தார், தட்டில் சேர்த்தார். அதன்பிறகு மூன்று நாளாக அதே அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மருமகளின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது.

“மாமா, இது எங்க இருந்துச்சு தெரியுமா? சரியான அறையில. அதுலயும் கடைசியா, பின்னாடி.”

“காலாவதி தள்ளித்தானே இருக்கு. அப்ப பின்னாடிதானே வைக்கணும்,” என்றார் மாமனார், இதென்ன கேள்வி என்பது போல.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. மாமியார் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமனார் இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்துப் பார்த்தார். மூன்றாவது மாறலில் அவர் மீசையும் ஆட ஆரம்பித்தது.

பிறகு மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினார். டிக்கெட் இல்லாத ஆள் ஏறினால் அது வண்டியின் தப்பல்ல. அட்டை பதிமூன்றை இறக்கிவிட்டால் தட்டில் பன்னிரண்டு, திரையில் பன்னிரண்டு. இருபதுக்கு இருபது. அடுக்கு நிற்கும், அவளும் நிற்பாள். இறக்கிவிட்ட அட்டையை உரியவர் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் போட்டுவிட்டார். அபராதமும் உண்டு: இனிமேல் இந்த வீட்டுக்காரர் மாத்திரை இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும், தானே பில் போட்டு.

அபராதத்தை உடனே கட்டுவதாக மாமனார் சொன்னார். நாளைக்கு மனசு மாறிவிடலாமாம். மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெயருக்கு நேராக மாமனார் பெயர், மருந்துக்கு நேராக மருந்து, எண்ணிக்கைக்கு நேராக அட்டைக் கணக்கல்ல, மாத்திரைக் கணக்கு. ஓர் அட்டையென்றால் பத்து என்று காட்டிக் கொடுத்தாள். மாமனார் ஆள்காட்டி விரலால் ஒன்று, பூஜ்யம் என்று அழுத்தினார். கண்ணாடி நெற்றியில் இருந்ததால் எண் விழுந்தது தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை ஒன்று, பூஜ்யம் என்று அழுத்தினார். பச்சைப் பொத்தானையும் தட்டினார்.

சில கணினிகள் இல்லாத சரக்கை விற்க விடாது. இது அவ்வளவு கண்டிப்பான வகையல்ல. நூற்றிருபதிலிருந்து ஆயிரத்துப் பத்தைச் சாதுவாகக் கழித்து, திரையில் சிவப்பாகக் காட்டியது: கழித்தல் எண்ணூற்றுத் தொண்ணூறு.

இருபதுக்கு இருபது சரியாக நான்கு நிமிடம் நின்றிருந்தது. மூன்று பேரும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்து, திரையைப் பார்த்து, அலமாரியைப் பார்த்து, மிகுந்த பொறுப்போடு கேட்டார்:

“பட்டியல் மகாராணி, இந்த எண்ணூத்தித் தொண்ணூறு இல்லாத மாத்திரைய எந்த அறையில வைக்கறது?”

“தலைத் தட்டுலதான்,” என்றார் மாமியார்.

மருமகள் அந்தப் பில்லை ரத்து செய்வதற்குச் சுட்டியைக் கொண்டுபோனாள். சிரித்த சிரிப்பில் அம்புக்குறி இரண்டு முறை குறி தப்பியது.