‘டூப்பிளிக்கேற்’ என்று எழுதியவன்

1
இந்தக் கதைக்கு நான்தான் காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மல்லாவியில் தண்ணீர்ப் பம்பு உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் கமலாசனி அக்கா ஏழு வருசத்துக்கு முன் ஒருநாள் இரண்டு பெட்டிகளை நீட்டினார்.

“தம்பி, கதை எழுதுற கைதானே, எது அசல் எது போலியெண்டு வடிவா எழுதித் தாருமன்.”

இரண்டிலும் பம்பில் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் சீல்கள், ஒரே வெளிநாட்டுக் கம்பனியின் பெயர். ஒன்றில் ‘ஒறிஜினல்’ என்றும் மற்றதில் ‘டூப்பிளிக்கேற்’ என்றும் எழுதிக் கொடுத்தேன்.

2
“மாரி மழை ஓய்ந்த காலையில், மல்லாவிச் சந்தியில்…” [அடித்துவிட்டேன். பாதிக் கதைகள் மழையில்தான் தொடங்குகின்றன.]

“இறக்குமதித் தீர்வை என்பது…” [கொட்டாவி விடாதீர்கள், இது வேண்டும்.] துறைமுகத்தில் தீர்வை கட்டி வெளியே வரும் ஒறிஜினல் சீல், மிளகாய்த் தோட்டக்காரருக்கு எட்டாத விலை. எட்டுகிற விலையில் இருப்பது அதே பெயர் குத்திய போலி. அதைப் பறிக்க வியாபாரக் குறிச் சட்டம் இருக்கிறது. அரசாங்கம் ஒரு கையால் ஒன்றை உயரத்தில் வைத்து, மறுகையால் மற்றதைப் பிடுங்குகிறது. கம்பனியையும் குறை சொல்ல மாட்டேன். வேறொருவர் தன் கதையை என் பெயரில் போட்டால் நானும் சண்டைக்குப் போவேன்.

3
உத்தியோகத்தர்கள் வந்தார்கள். ஒளித்து விற்ற கடைகளில் ஒன்றும் அகப்படவில்லை. அக்காவின் கடையில் தேடத் தேவையே இருக்கவில்லை.

“போலியெண்டு தெரிஞ்சுதான் வித்தனீங்களோ?”

“ஓம். சொல்லித்தானே வித்தனான்.”

(இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் தந்திரக்காரியாக்கிப் பார்த்தேன். எழுத வரவில்லை.)

பெட்டி நீதிமன்றத்துக்குப் போனது. கடையும் போகலாம். சட்டத்தரணி ஒரு வழி சொன்னார்: அக்கா எல்லாவற்றையும் ஒறிஜினல் என்றே நம்பினார், எழுதியது நான் விளையாட்டுக்குச் செய்த பகிடி என்று நான் சாட்சி சொன்னால் தப்பலாம். நான் உடனே சம்மதித்தேன். அக்காவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவருக்குக் கோபம் வந்தது. “அப்ப ஏழு வருசமா டூப்பிளிக்கேற்றை ஒறிஜினலெண்டு சனத்தின்ர தலையில கட்டினனான் எண்டெல்லோ வரும்?”

“கடை போயிடும் அக்கா.”

“போனாலும்…” அவர் முடிக்கவில்லை. நானும் முடித்து எழுதவில்லை.

4
முடிவு அ: நீதவான் சிரித்து விடுதலை செய்கிறார். [எனக்கே நம்பிக்கை இல்லை.]

முடிவு ஆ: தீர்வை குறைந்து ஒறிஜினல் மலிகிறது. [அதை எழுதும் பேனை என்னிடம் இல்லை.]

முடிவு இ உங்களுடையது. திங்கட்கிழமை வழக்கு. பொய் சொன்னால் கடை மிஞ்சும், உண்மை சொன்னால் அக்காவின் பெயர் மிஞ்சும். நான் என்ன சொல்லட்டும்? யோசித்துச் சொல்லுங்கள். நான் வாய் திறக்கும்போது அவர் எதிர்க் கூண்டில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.