வெறும் வயிற்றில் கரடிக்கறி

பாண்டுவைச் சாகடிப்பது என்று வெனிங் முடிவு செய்தது நோன்பு மாதம் தொடங்குவதற்கு முந்தைய வாரம். நிஜப் பாண்டுவை அல்ல. அவன் இதே மாலாங் நகரத்தில், நாலு தெரு தள்ளி, அம்மா ஆக்கிப் போடுவதைத் தின்றுகொண்டு நன்றாகவே இருக்கட்டும். சாக வேண்டியது 'சல்ஜு' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் அவன் எட்டு மாதமாக உயிரோடு வைத்திருந்த ஆள். அந்த ஆளால்தான் அவனுக்குப் பெயர், அந்தப் பெயரால்தான் அவனுக்குச் சோறு.

சல்ஜு என்றால் பனி. விளையாட்டுக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பனிக்காட்டில் ஓர் ஆளை இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். பசிக்கு அளவு காட்டாது, குளிருக்கு அளவு காட்டாது, எதைத் தொட்டால் சாவோம் என்று ஒரு வரி இருக்காது. செத்தால் செத்ததுதான், அடுத்த ஆளை வைத்து வெறுங்கையோடு தொடங்க வேண்டும். ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் தவிர வேறெங்கும் பனியைக் கண்டிராத ஊர் இது. காலையும் மாலையும் குளித்தே பழகிய ஜனம், பாசத்தோடு தங்கள் ஆளையும் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டிக் கூண்டோடு கொன்றது.

குளியல் கொல்லவில்லை, ஈரத் துணிதான் கொல்கிறது என்று கண்டுபிடித்தவள் வெனிங். ஓநாய்க்குக் கண்ணைவிட மூக்குதான் கூர்மை, புகையில் நின்றால் அது நம்மை மோப்பம் பிடிக்காது என்று கண்டுபிடித்தவளும் அவளே. லாண்டரிக் கடையில் பகலெல்லாம் ஊரார் துணியை மடித்துவிட்டு, சாயங்காலம் வந்து உட்கார்ந்து, ஓர் ஆளைச் சாகக் கொடுத்து ஒரு விஷயம் தெரிந்துகொள்வாள். பள்ளிக்கூடத் தோழன் பாண்டுவுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. அவனுக்கு இருந்தது முகமும் வாயும். "நீ கண்டுபிடி, நான் வீடியோவுல பேசறேன். ரெண்டு பேர் பேரும் வரும்டி" என்றான். வந்தது ஒரே பெயர்: சுஹு பாண்டு, அதாவது பாண்டு ஆசான்.

தன் பெயர் எங்கே என்று அவள் கேட்டாள். தனியாகக் கேட்டிருந்தால் மழுப்பியிருப்பான். அவன் லைவில் பேசிக்கொண்டிருக்கும்போது எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதிக் கேட்டாள். பாண்டு சிரித்தான். "வெனிங்கா? அவ நம்ம கோட்டையில விறகு பொறுக்கிற பொண்ணு. விறகுக்கெல்லாம் பேர் போட முடியுமா?" என்றான். அதோடு விடவில்லை. வெளியே பனிப்புயல் அடிக்கையில், அவள் கட்டிய கோட்டையின் கதவை அவள் ஆளின் முகத்துக்கு நேரே சாத்தினான். அந்த ஆள் கதவைத் தட்டித் தட்டி விறைத்துச் சாவதை ஆயிரக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள். வெனிங்குக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சல் ஒரு வருஷமாகியும் அணையவில்லை.

பாண்டுவின் கூட்டத்துக்கு நோன்பு மாதத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாங்கள் நோன்பிருப்பதோடு பனிக்காட்டு ஆட்களையும் பட்டினி போடுவார்கள். சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு கேட்டதும் இங்கே இவர்கள் நோன்பு திறக்க, அங்கே அந்த ஆட்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கறி தின்னும். போன வருஷம், ரொம்ப நாள் பட்டினி போட்ட சிலரின் ஆட்கள் தின்ற கையோடு விழுந்து செத்தன. 'கெட்டுப்போன கறி' என்று பாண்டு ஒரு வீடியோவே போட்டான்.

வெனிங் அதை நம்பவில்லை. புது ஆளை இறக்கினாள், பட்டினி போட்டாள், அப்போதே அடித்த மானைச் சுட்டுக் கொடுத்தாள். செத்தது. கறியைப் பாதியாகக் குறைத்தாள். அதுவும் செத்தது. முயலைக் கொடுத்தாள், மீனைக் கொடுத்தாள், எல்லாம் போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் அந்தக் கடுப்பில், பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம்கூட வாயில் போடாமல், தட்டு நிறையச் சோற்றையும் ரவோன் குழம்பின் மாட்டுக்கறியையும் போட்டு அள்ளி அள்ளித் தின்றாள். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டாள்.

அம்மா லஸ்த்ரிக்கு மகளின் வயிற்றுவலியைவிட வாய்ப்பேச்சுதான் முக்கியம். "நாள் பூரா காஞ்ச வயித்துல கல்லைப் போட்டா என்ன ஆகும்? இனிப்பா ஏதாச்சும் குடிச்சுட்டு, செத்த நேரம் கழிச்சுத் திங்கணும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். நீயும் அந்தக் கம்ப்யூட்டர் பொம்மையும் ஒரே மாதிரிதான் சாகப் போறீங்க, போ."

வெனிங் வயிற்றை மறந்து எழுந்து உட்கார்ந்தாள்.

அன்றே புது ஆளை இறக்கிப் பட்டினி போட ஆரம்பித்தாள். பட்டினி முற்றியதும் முதலில் தேன் கரைத்த வெந்நீர். நெருப்பருகே கொஞ்ச நேரம் சும்மா இருத்தல். பிறகு எலும்புச் சாறு. அதற்கப்புறம்தான் கறி. ஆள் பிழைத்தது. மறுபடி செய்தாள், மறுபடியும் பிழைத்தது. நோன்பு திறக்கும்போது இனிப்பில் தொடங்கு என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்க, பனிக்காட்டில் மட்டும் ஒருத்தனும் அதைச் செய்யவில்லை. தேன் கிடைப்பது அரிது, அதைக் காயத்துக்குத் தடவ வைத்திருந்தார்கள்.

இனி பாண்டுவைப் பட்டினி போட வேண்டும். அதுதான் கஷ்டம். கூட்டத்தையே பட்டினி போட்டாலும் அவன் தன் ஆளுக்கு லைவ் முடிந்த பிறகு திருட்டுத்தனமாக ஊட்டுவான். கூட இருந்தவளுக்குத் தெரியாதா? 'கொசு' என்ற பெயரில் ஓர் ஆளை அவன் கூட்டத்தில் சேர்த்தாள். ஒரு நாள் லைவ் நடக்கும்போது எழுதினாள்: "சுஹு, உங்க ஆளு மட்டும் கொழுகொழுன்னு இருக்கே, மத்தியானம் படுதா கட்டுன கடையில சாப்புடுதோ?"

நோன்பு மாதத்துப் பகலில் சோற்றுக்கடைகள் வாசலில் படுதா கட்டி, நோன்பை விட்டவர்கள் ஒளிந்து தின்ன இடம் கொடுக்கும். பார்த்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "படுதா சுஹு!" என்று ஒருத்தன். "ஆம்பளைன்னா நாள் பூரா லைவ்ல வச்சு நோன்பு இருக்கட்டும்" என்று இன்னொருத்தன்.

பாண்டு சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "என்னைப் பாத்தாடா சந்தேகப்படறீங்க? பெருநாளுக்கு முந்தின நாள் வரைக்கும் என் ஆளு பச்சத்தண்ணியிலதான் இருக்கும். கேமராவை அணைக்கவே மாட்டேன், வந்து பாருங்கடா!" என்றான்.

சொன்னபடியே செய்தான். கடைசி நோன்பன்று அவன் ஆள் எலும்பும் தோலுமாக நெருப்பருகே வந்து உட்கார்ந்தபோது, நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. பாங்கு ஒலித்தது. கொசு அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கத் தேன்நீரை நிதானமாகக் குடித்தது. கண் இருந்தவன் பார்த்திருக்கலாம். பாண்டுவுக்கோ பசி வந்தால் பத்தும் பறக்கும் நேரம். அவனுக்கும் பசி, அவன் ஆளுக்கும் பசி. "பிஸ்மில்லா" என்று ஒரு கரடித் தொடையை எடுத்துக் கடித்தான்.

ஆள் முழங்காலிட்டது. முகங்குப்புற விழுந்தது. எட்டு மாத உயிர் நெருப்பின் ஓரத்தில் நீட்டிப் படுத்தது. வெனிங் தன் அறையில் கைதட்டிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

சிரிப்பு அடுத்த நாள் வரைகூடத் தாங்கவில்லை. பாண்டு லைவிலேயே அழுதான். விளையாட்டைச் செய்தவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்றான். 'பாவம் சுஹு' என்று ஊரே உருகியது, அவனைப் பின்தொடர்பவர்கள் முன்னைவிடப் பெருகினார்கள். அவனைக் கொன்றும் அவள் பெயர் எங்கும் வரவில்லை. வயிறு எரிய, கொசுவின் பெயரில் ஒரு வரி எழுதினாள்: "தப்பு விளையாட்டுல இல்ல. ஏன் செத்ததுன்னு வெனிங்குக்குத் தெரியும்."

பெருநாளின் இரண்டாம் நாள் பாண்டு வாசலில் நின்றான். புதுச் சட்டை, ஒரு கையில் பிஸ்கட் டின், இன்னொரு கையில் குச்சியில் மாட்டிய போன். போனில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் அக்கம்பக்கத்தார் தட்டில் நஸ்தார் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். லஸ்த்ரி வாயெல்லாம் பல்லாக, "வா தம்பி, வா வா, எம்புட்டு நாளாச்சு!" என்று அவனை உள்ளே இழுத்தாள்.

பாண்டு போனை மேசையில் நிறுத்தி, வெனிங்கின் முன் குனிந்து இரு கைகளாலும் அவள் கையைப் பிடித்தான். "வெனிங், தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்க. வெளியிலயும் சரி, உள்ளத்துலயும் சரி." பிறகு போனைப் பார்த்து, "பாருங்க நண்பர்களே, நாங்க ரெண்டு பேரும் பழைய சிநேகம். அவளே இப்ப அந்த ரகசியத்தை நமக்குச் சொல்லப் போறா" என்றான்.

பெருநாளில் இப்படிக் கேட்டால் 'நீங்களும் பொறுத்துக்கோங்க' என்று பதில் சொல்லிக் கையை விட்டுவிட வேண்டும். யாரும் பிழையைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. குழந்தைக்கும் தெரிந்த மரியாதை அது. பாண்டு அதை நம்பித்தான் வந்திருந்தான்.

வெனிங் அவன் கையை விடவில்லை. "எந்தப் பிழை?" என்றாள்.

"என்னடி இது, பெருநாளும் அதுவுமா!" என்று லஸ்த்ரி பதறினாள்.

"பொறுக்கணும்னா எதைன்னு தெரிய வேணாமாம்மா? சொல்லு பாண்டு. எதைப் பொறுக்கணும்?"

பாண்டு சிரிக்கப் பார்த்தான். போனில் வரிகள் மளமளவென்று மேலேறின. "சொல்லுங்க சுஹு", "என்ன பிழை சுஹு?" போனை அணைக்க மற்ற கையை நீட்டினான், எட்டவில்லை, ஒரு கை அவள் பிடியில் இருந்தது. பெருநாளன்று, அத்தனை பேர் முன்னால், மன்னிப்புக் கேட்கக் கொடுத்த கையை உதறிக்கொண்டு ஓட முடியுமா? அவன் காது மடல்கள் சிவந்தன.

"ஈரத்துணி விஷயம்..." என்றான், தரையைப் பார்த்து. "அதை நான் கண்டுபிடிக்கல."

"மைக்குக்குக் கேக்கல."

"ஈரத்துணி விஷயத்தை வெனிங்தான் கண்டுபிடிச்சா. நான் என் பேர்ல போட்டேன். போதுமா?"

வெனிங் இன்னொரு கையால் ஒரு நஸ்தாரை எடுத்து அவன் முன் வைத்தாள்.

"சரி, பொறுத்துக்கிட்டேன்" என்றாள். "அடுத்தது?"