ஐந்து நட்சத்திரப் பீப்பாய்

முதலில் நாற்றம்தான் வந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தின் கடைசிக் காம்பராவைத் தாண்டியதுமே நிஷாலினி துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டாள். பின்னால் கேமராவோடு வந்த றொனி வாயால் மூச்சு விட்டுப் பார்த்தான். நாற்றம் நாக்கில் ஒட்டியது.

இரண்டு பேரும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு வந்தது வீடியோ எடுக்க. பிற்பகல் பதுளையில் கூட்டம். அவர்கள் உருவாக்கிய 'மிச்சம்' செயலியை ஊவா மாகாணம் முழுவதும் கொண்டுபோக ஓர் அறக்கட்டளை கைகொடுக்குமா என்பது அங்கேதான் முடிவாகும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு கடையை மூடவேண்டியதுதான். இதற்காகக் கொழும்பு வேலையையே விட்டுவிட்டு வந்தவள் நிஷாலினி.

செயலியில் சிக்கல் ஒன்றுமில்லை. டவுன் வீடுகளில் மிஞ்சும் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டாமல் படம் பிடித்துப் போடவேண்டும். வேண்டியவர்கள் கேட்டால் திரீவீல் கொண்டுவந்து சேர்க்கும். சாப்பிட்டவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். அவள் பிறந்த இந்த லயத்திலிருந்து வந்ததெல்லாம் ஐந்து நட்சத்திரம். அவற்றைப் பார்த்துத்தான் அறக்கட்டளையே கூப்பிட்டிருந்தது.

பன்றிப் பட்டியருகே கபிரியேல் மாமா நின்றார். பக்கத்தில் ஒரு நீலப் பீப்பாய்.

நிஷாலினி எட்டிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

மேலே நூல்நூலாக இழுபடும் பருப்பு. பச்சைப் பூஞ்சை பூத்த பாண் துண்டு. யாரோ பாதி கடித்துப் போட்ட கோழிக்கால், பல் பதிந்த தடத்தோடு. கேக் கிரீமில் சொருகிய மெழுகுவர்த்தி. உதட்டுச்சாயம் துடைத்த டிஷ்யூ. நடுவில் ஏதோ புளித்து, குமிழ் விட்டு, மெதுவாக வெடித்தது. பட்டியின் ஓரத்தில் 'மிச்சம்' ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளைக் கழுவி அடுக்கியிருந்தார்கள்.

"வா பாப்பா," என்றார் மாமா சந்தோஷமாக. "ஒன்னோட ஆப் வந்ததுலேருந்து பன்னி நல்லா ஊதிருச்சு. சிலத மட்டும் அதுவே மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்குது."

தண்ணீர்ப் பீலியிலிருந்து குடத்தோடு வந்த இருதயம்மா அத்தைக்கு அவளைப் பீப்பாயருகே கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகத்தான் விஷயத்தைச் சொன்னாள். முதல் வாரமே பக்கத்துக் காம்பரா ஜீவராணியின் குழந்தை சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுத்தது. அதற்குப் பிறகு லயத்தில் ஒருத்தரும் பெட்டியைத் தொடவில்லை. வாங்குவார்கள், பீப்பாயில் கொட்டுவார்கள், நட்சத்திரம் போடுவார்கள்.

"ஏன் அத்த எங்கிட்ட சொல்லல?"

"நம்ம லயத்துப் புள்ள செஞ்சது. கொறச்சுப் போட்டா ஒன் பேருதானடி கெடும்?"

நிஷாலினி போனை எடுத்து லயத்திலிருந்து வந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

றொனி அதற்குள் வேறு யோசனைக்குப் போயிருந்தான். பீப்பாய் படத்தில் வரவேண்டாம், அத்தையைக் கழுவிய பெட்டியோடு சிரிக்க வைத்து எடுக்கலாம், மற்றதைக் காசு வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றான். அவன் சொல்லி முடிக்கும்போதே திரீவீல் வந்து நின்றது. அன்றைய பெட்டி. ஸ்டிக்கரில் பெயர்: கலாராணி. செயலியில் அதிகம் கொடுத்தவர் அவர்தான். பிற்பகல் கூட்டத்துக்குத் தலைவியும் அவர்தான்.

செயலியில் போட்டிருந்த படத்தில் தக்காளிப் பூ வைத்த ப்ரைட் ரைஸ். நிஷாலினி மூடியைத் திறந்து கரண்டியை அடிவரை விட்டாள். மேலே ஒரு விரல் கனத்துக்குச் சோறு. அதற்குக் கீழே வழுவழுத்த பழைய சோறு, சப்பித் துப்பிய எலும்பு, சிகரெட் கட்டை ஒன்று.

அவள் மூடியை இறுக்கிப் பையில் வைத்தாள். "வா, போவோம்," என்றாள். வீடியோ எடுக்கவில்லை.

பதுளையில் கலாராணி மேடம் வெகுநேரம் பேசினார். இப்போதெல்லாம் தம் வீட்டில் ஒரு பருக்கைகூட வீணாவதில்லை, தோட்டத்துச் சனம் வயிறார வாழ்த்துகிறது என்றார். கைதட்டினார்கள். நிஷாலினி எழுந்து போய் அவர் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். பெட்டியை அப்படியே கவிழ்த்தாள்.

மண்டபத்தில் நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. யாரோ ஜன்னலைத் திறக்க ஓடினார்கள்.

"மேடம், இது காலைல நீங்க அனுப்பினது. ஒரு வாய் சாப்பிடுங்க."

கலாராணி கைக்குட்டையை மூக்கில் வைத்தார். கோபம்கூட வரவில்லை, வியப்புத்தான். "என்ன பிள்ள இது? இது நாங்க சாப்பிடுறதுக்கா அனுப்பினது?"

சொல்லவேண்டியதை அவரே சொல்லிவிட்டார். உதவி அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கூட்டம் கலைந்தது. றொனி தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான், அவளிடம் சொல்லாமலே.

நிஷாலினி வீட்டுக்கு வந்து கையைத் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு உட்கார்ந்து செயலியில் ஒன்றே ஒன்றை மாற்றினாள். இனிமேல் படம் போதாது. அதே பெட்டியின் அடியிலிருந்து எடுத்து ஒரு வாய் சாப்பிடும் வீடியோவும் போடவேண்டும். கொடுப்பவரே சாப்பிடவேண்டும்.

மறுநாள் டவுனிலிருந்து ஒரு பெட்டிகூட வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அன்று சாயங்காலம் கபிரியேல் மாமாதான் போன் போட்டார்.

"பாப்பா, பீப்பா காலியா கெடக்கு. பன்னி கத்துது. ஆப் ஒடஞ்சு போச்சா?"

"இல்ல மாமா. இப்பத்தான் வேல செய்யுது," என்றாள் நிஷாலினி. "நீங்க பன்னிக்குக் கெழங்கு அவிச்சுப் போடுங்க."